ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு தலைவர்கள்

ஜீப் வந்து நின்றபோது நான் பசை கிளறிக்கொண்டிருந்தேன்.

மைதாவோடு, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற பசை அது. கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அதனால் ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். "படம் போடணுமா மேடம்? உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "கலையரசிங்கற பொண்ணுக்குத் தலைவர் படத்தை ஃபிரேம் போட்டுக் குடுத்தது இந்தக் கடைதானா?"

"ஆமாங்க."

"சாயங்காலம் மேடையில தலைவருக்கே அதைப் பரிசாக் குடுக்கப் போறாங்க. செக்யூரிட்டில பின்பக்கம் பிரிச்சுப் பாக்கணுமாம். கண்ணாடி உடைஞ்சிடக் கூடாதேன்னு போட்டவங்களையே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கிளம்புங்க."

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் தாமு கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். காதோடு கேட்டேன். "யோவ், அந்தத் தேக்கு ஃபிரேமுக்குப் பின்னாடி இன்னா வச்சே?"

"இன்னாம்மே கேள்வி இது? எப்பவும் வக்கிறதுதான்."

"எப்பவும் வக்கிறதுன்னா?"

"பழசு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடி கோணலாக விட்டுப்போனது. முப்பது வருஷத்தில் அவர் கண்ணாடியைக் கோணலாக அறுத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பழசு என்றால் யார்?

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் பாடி மேம்பாலத்தை ஒட்டி எங்கள் ஃபிரேம் கடை. பாலத்தில் கனரக லாரி ஏறினால் கடையில் மாட்டியிருக்கிற சாமிகளும் தலைவர்களும் கல்யாண ஜோடிகளும் ஒன்றாகத் தலையாட்டுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது பயமாக இருந்தது. பிறகு யாராவது ஒருத்தர் ஆடாமல் இருந்தால்தான் ஆணி சரியில்லையோ என்று எழுந்து பார்ப்பேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தலைவர் படம் போட்டுத் தருவது எங்களுக்கு வழக்கமான வேலை. டெல்லியில் ஆட்சி மாறினால் ஒரே வாரத்தில் ஃபிரேம்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சட்டமும் கண்ணாடியும் அப்படியே இருக்கும். ஆளை மட்டும் மாற்ற வேண்டும்.

பழைய படத்தை என்ன செய்வது? நல்ல தடித்த தாள், அட்டையில் ஒட்டியது. குப்பையில் போட மனம் வராது, நாட்டையே ஆண்ட முகம் அது. எரிக்கவும் கை வராது. அதில் பஜ்ஜி வைத்துக் கொடுத்தால் நம் கதை கந்தல். அதனால் என் மாமனார் காலத்திலிருந்தே எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதியவரை முன்னால் வைத்து, பழையவரை அவருக்குப் பின்னால் வைத்து, பலகை மூடி, ஆணி அடித்து, பழுப்புக் காகிதம் ஒட்டிவிடுவோம். முன்னால் இருக்கிற தாள் மழைக்காலத்தில் நெளியாமல் நிற்க முதுகில் கெட்டியாக ஒன்று வேண்டும். அளவும் கச்சிதமாகப் பொருந்தும்.

இந்தச் சங்கதி வெளியே ஒருவருக்கும் தெரியாது. கேட்டவரும் இல்லை.

டீ நிறத்து ஓரம்

யார் எத்தனை காலம் ஆண்டார் என்பதை நான் தேதி வைத்துச் சொல்ல மாட்டேன். படத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளை ஓரத்தைப் பார்த்துச் சொல்வேன். சீக்கிரம் போனவர் ஓரம் பால் மாதிரி வெள்ளையாகவே இருக்கும். ஒரு முழு ஆட்சி இருந்தவருக்கு லேசாக மஞ்சள் ஏறியிருக்கும். இரண்டு முறை ஆண்டவர் ஓரம் டீ நிறத்துக்கு வந்துவிடும்.

இந்தத் தலைவர் அந்த டீ நிறத்துக்காரர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் என்னைக் கொண்டாடுவீர்கள், மீதிப் பேர் இதழை மூடி வைத்துவிடுவீர்கள். எனக்கு இரண்டு தரப்பும் வேண்டும்.

ஒன்று மட்டும் உண்மை. அலுவலகம் கேட்டு நாங்கள் படம் போட்ட தலைவர்கள் பல பேர். வீட்டில் மாட்ட வேண்டும் என்று ஜனங்களே தேடி வந்து கேட்ட தலைவர் இவர் ஒருவர்தான். லோடு இறக்குகிறவர் கேட்டார். பூ விற்கிற அம்மா கேட்டார். வேலப்பன்சாவடிப் பக்கத்தில் புதிதாக ஃபிளாட் வாங்கிய திருநெல்வேலிப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் வேலை, "மேட் ஃபினிஷ் இருக்குமா ஆன்ட்டி? வீட்டுச் சுவர் சாம்பல் கலர்" என்று கேட்டான். தலைவருக்கே மேட்சிங் பார்க்கிற காலம் வந்துவிட்டதே என்று தாமு அன்று முழுக்கச் சிரித்தார்.

தேர்தல் அறிவித்தால் அரசு அலுவலகங்களில் தலைவர் படத்தை மூட வேண்டும் அல்லது கழற்ற வேண்டும். ஒரு தேர்தலின்போது ஆவடியில் ஓர் அலுவலகத்துக்குப் போய் அவர் படத்தை செய்தித்தாளால் சுற்றி மூடிவிட்டு வந்தார் தாமு. அரை மணி நேரத்தில் போன். "என்னய்யா, படத்தை மூடச் சொன்னா இன்னும் பெருசாக் காட்டிட்டுப் போயிருக்கீங்க!" போய்ப் பார்த்தால், சுற்றிய செய்தித்தாளிலேயே அவர் கைகூப்பிக்கொண்டு அரைப் பக்கத்துக்கு நிற்கிறார். வேறு தாள் எடுத்தால் அதிலும் அவர்தான். கடைசியில் வரன் தேடும் விளம்பரப் பக்கத்தைத் தேடி எடுத்து மூடினோம்.

அந்த அளவுக்கு எங்கும் நிறைந்த முகம். அந்த முகத்துக்கு முதுகில்தான், கடையில் மிஞ்சிக் கிடந்த அவருடைய முன்னவர் படத்தைத் தாமு வைத்திருந்தார். இருவரும் எதிரும் புதிருமான கட்சி. மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கிழித்தவர்கள். இவர் வந்ததே அவரைத் தோற்கடித்துத்தான்.

கலையரசிக்கு விழுந்த சீட்டு

ஜீப்பில் போகும்போது எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. கலையரசியைப் பற்றித்தான் கவலை.

கலையரசி ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரி. அவள் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர்கள். அந்த வயல்களில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் லேத் ஓட்டுகிறாள். பெண் தொழிலாளிகளுக்கான பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்து வைக்கத்தான் தலைவர் ஆவடிக்கு வருகிறார். தொழிலாளிகள் சார்பில் மேடையில் பரிசு கொடுப்பவர் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கலையரசி பெயர் வந்தது.

அவருக்கே அவர் படத்தைக் கொடுக்கப் போகிறோம் என்று வந்து நின்றபோது நான் கிண்டல் செய்தேன். "அவரு மூஞ்சி அவருக்குத் தெரியாதாடி? சால்வை கில்வை பாக்கறது?"

"அவரு மூஞ்சிய அவரு எங்க யக்கா பாத்துக்கினு கீறாரு? நாமதான் பாத்துக்கினு கீறோம். ஒரு வாட்டி அவரும் பாக்கட்டும்" என்றாள்.

படத்தை எடுத்துப் போக வந்தபோது இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "இன்னா யக்கா இவ்ளோ கனம்? மேடையில கை ஆடிச்சின்னா?"

"தேக்குடி. கனமாத்தான் இருக்கும்."

அவள் தெருவே டி.வி. முன்னால் உட்காரப் போகிறது என்றாள். அவள் அம்மா அதற்காகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாராம். அப்பா இல்லை. இருந்திருந்தால் நெல்லுக்குக் குனிந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு பார்த்திருப்பார். அதெல்லாம் இப்போது எங்கள் கடை வழக்கத்தால் போகப் போகிறது.

ஆணி பிடுங்கிய மேஜை

மேடைக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். நீளமான மேஜையில் பரிசுப் பொருட்கள் வரிசையாக இருந்தன. குத்துவிளக்கு, வீரவாள், சந்தன மாலை. நடுவில் எங்கள் தேக்கு ஃபிரேம். கொட்டகைக்கு வெளியே நாற்காலியில் கலையரசி உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறப் பட்டுப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வடக்கத்தி அதிகாரி ஒருவர், ஆறடிக்குக் குறையாத ஆள், ஆணிகளைக் காட்டி சைகை செய்தார். காகிதத்தைக் கிழித்தேன். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசி ஆணிக்கு மட்டும் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அது வந்துவிட்டது.

பலகையை எடுத்ததும் தெரிந்த அட்டையை அதிகாரி வெளியே எடுத்துப் புரட்டி மேஜையில் வைக்க, முன்னவர் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அதிகாரி தன் மொழியில் சாட்டையடி மாதிரி நாலு வார்த்தை சொன்னார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? யார் சொல்லி வச்சீங்க? இந்தப் பரிசு கிடையாதுங்கறார். அந்தப் பொண்ணு பேரையும் எடுத்துடச் சொல்றார்."

"ஐயோ மேடம், அந்தப் பொண்ணுக்கு இது எதுவுமே தெரியாது. தப்பு எங்க கடையோடது. என்னை இன்னா வேணா பண்ணுங்க, அவள மட்டும் மேடையில ஏத்திடுங்க. அவங்க அம்மா கண்ணாடி போட்டுக்கினு ஊட்ல உக்காந்து கீறாங்க மேடம்!"

என்ன பேசுகிறேன் என்றே தெரியாமல் பேசினேன். இன்ஸ்பெக்டருக்கே கண் கலங்கியது. ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது?

அப்போதுதான் உள்ளறையிலிருந்து தலைவர் வந்தார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்

முதலில் எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. ஆயிரம் தடவை கண்ணாடி துடைத்து மாட்டிய முகம். ஆனால் நான் மாட்டிய படத்தில் அவருக்குத் தலைமுடி கறுப்பு. வந்தவருக்கு நரைத்து மெலிந்த முடி. படத்தில் மலை மாதிரி இருப்பார். நேரில் என் தோளுக்கு மேல் கொஞ்சம்தான். கால் வீங்கியிருந்ததோ என்னவோ, ஒரு செருப்பின் வாரைத் தளர்த்தி விட்டிருந்தார். கை கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்தவர், மேஜையைப் பார்த்து நின்றார்.

அதிகாரி பாய்ந்து முன்னவர் படத்தைக் கவிழ்க்கப் போனார். தலைவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். துண்டு கேட்டு வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை துடைத்துவிட்டு, போதாதென்று விரல் இடுக்கெல்லாம் இன்னொரு தடவை துடைத்தார். பிறகுதான் படத்தை எடுத்தார். முகத்தில் விரல் படாமல் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை வைத்து, நாங்கள் எடுப்பது போலவே எடுத்தார்.

எதிரியின் படத்தைத் தொடக் கையைத் துடைத்துக்கொள்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் கேட்க, இன்ஸ்பெக்டர் தமிழில் சொன்னார். "இது ஏன் உள்ளே இருக்குன்னு கேக்கறார். பாத்துப் பேசுங்க."

"ஐயா, முன்னாடி கீற படம் நெளியாம நிக்கணும்னா முதுகுல கெட்டியா ஒன்னு வேணும். அதுக்கு முன்னாடி இருந்தவர வப்போம். எல்லா ஆபீஸ்லயும் உங்க பின்னாடி இவரு கீறாரு. குப்பையில போட மனசு வராதுங்க ஐயா."

எல்லா ஆபீஸ்லயும் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாய் சும்மா இருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு மூச்சு விட்டு அதையும் சொன்னார்.

அவர் அடுத்த கேள்வி கேட்டார். முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?

"உங்கள மாதிரியே முன்னாடி பாத்துக்கினுதான் ஐயா. தலைகீழா வக்க மாட்டோம், சுவத்தப் பாக்கவும் வக்க மாட்டோம்."

தலைவர் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மைக்கில் யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மெல்ல ஒன்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லத் தயங்கினார். தலைவர் சைகை காட்டிய பிறகுதான் சொன்னார். "எனக்கு அப்புறம் ஒருத்தர் வந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கறார்."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இத்தனை பேர் நடுவில், இத்தனை துப்பாக்கி நடுவில், யார் உண்மை சொல்வார்கள்? ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"நீங்களும் பின்னாடிதான் ஐயா. பதவில கீறவர்தான் முன்னாடி."

இன்ஸ்பெக்டர் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

தலைவருக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கவும் இல்லை. முன்னவர் படத்தைத் தன் கையாலேயே ஃபிரேமுக்குள் இறக்கினார். நாலு மூலையும் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, ஆணி அடிக்கச் சொல்லி சைகை செய்தார். கைகூப்பியது எனக்கா, படத்துக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுத்தியலை எடுத்துக் கொடுத்தவர் அந்த ஆறடி அதிகாரி.

மேடையில்

சாரக் கம்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து மேடைக்கு ஏழெட்டுப் படிகள்தான். செருப்பு வாரைத் தளர்த்தி நடந்த அந்த மனிதர் அந்தப் படிகளில் ஏற ஏற நிமிர்ந்தார். மேலே போய்க் கை தூக்கியபோது படத்தில் இருப்பவராகவே ஆகிவிட்டார். ஜனங்கள் எழுப்பிய குரல் என் பாதத்தில் ஏறியது. பாலத்தில் நூறு லாரி ஒன்றாகப் போனால்கூட அப்படி இருக்காது. இத்தனை பேரின் குரலை ஒற்றை ஆள் தினமும் எப்படித் தாங்குகிறார் என்று பிரமிப்பாக இருந்தது.

கலையரசி ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனாள். கை ஆடவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காமிராக்கள் மின்னின. அவ்வளவுதான், முடிந்தது.

இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "யக்கா, அவரு நம்மள மாதிரியேதான் யக்கா கீறாரு! படத்த வாங்கினு பின்னாடி ரெண்டு வாட்டி டொக்கு டொக்குனு தட்டுனாரு. பலக நல்லா கீதான்னு பாத்தாரு போல!"

எனக்குத் தெரிந்தது அவர் யாரைத் தட்டிக்கொடுத்தார் என்று. சொல்லவில்லை. அவளுடைய நாளில் அதைக் கலக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தாமுவிடம் மட்டும் சொன்னேன். அவர் அன்று சாப்பிடும்போது இரண்டு முறை சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் மூட்டைகள்

அப்புறம் ஒரு தேர்தலில் அவரும் தோற்றார். அசைக்கவே முடியாது என்று எல்லோரும் சொன்னவர். ஒரு காலை நேரத்தில் பதவியை விட்டு நடந்து போனதை டி.வி.யில் பார்த்தேன். செருப்பு வாரைத்தான் பார்த்தேன்.

எப்போதும் போல மூட்டைகள் வந்து இறங்கின. முதல் ஃபிரேமைப் பிரித்தோம். அவர் படத்தின் ஓரம் நல்ல ஸ்ட்ராங் டீ நிறத்தில் இருந்தது. இரண்டு படம் பின்னால் வைத்தால் ஆணி ஏறாது என்பதால் அவருக்கு முன்னவரை எடுத்துப் பரணில் அடுக்கினோம். புதியவரை முன்னால் வைத்து, இவரைப் பின்னால் இறக்கும்போது சொல்லி வைத்தது போலக் கலையரசி வந்து நின்றாள். மேடையில் எடுத்த அந்த போட்டோவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம்.

அவள் பார்த்துவிட்டாள்.

"யக்கா! இன்னா பண்றீங்க? அவர உள்ள வச்சு ஆணி அட்ச்சுக்கினு கீறீங்களே! பதவி போச்சுன்னா உங்களுக்கும் அவ்ளோதானா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. தாமு என்னைப் பார்த்தார். இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை. ஜீப் வந்ததிலிருந்து அவர் கையைத் துடைத்துக்கொண்டது வரை, கேட்ட மூன்று கேள்விகளும் நான் சொன்ன பதிலும் எல்லாவற்றையும் அவளை உட்கார வைத்துச் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கையிலிருந்த போட்டோவையே பார்த்தாள். அதில் தலைவரின் ஒரு கை ஃபிரேமின் பின்பக்கம் மறைந்திருந்தது.

"அப்போ அன்னிக்கு மேடையில நான் ரெண்டு பேரையும் தூக்கிக்கினு நின்னேனா யக்கா?"

"ஆமாண்டி."

"அதான் அவ்ளோ கனமா?"

தேக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். தாமு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

கலையரசி தன் போட்டோவைப் பத்திரமாக மேஜையில் வைத்தாள். முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். பிரித்துக் கிடந்த ஃபிரேமின் ஓரங்களை உள்ளங்கையால் பிடித்தாள்.

"ஆடாம நான் புட்ச்சிக்கிறேன்" என்றாள். "நீங்க அடிங்கண்ணா."